இல்லாத ஷெட்டுக்கு ஒரு ஒப்பந்தம்

அம்மிணி, ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாதுங்க. நீங்க போன்ல பேசுனதை நான் ஒட்டுக் கேட்கல. பக்கத்துச் சீட்டு, தானாக் காதுல உழுந்துச்சு. கம்பெனி வேலையை உட்டுட்டு விசாவைச் சொந்தத் தொழிலுக்கு மாத்தப் போறதா யாருகிட்டயோ சொன்னீங்க. நல்ல விசயந்தான். ஆனா அதைப் பஸ்ல இப்படி வாய்விட்டுப் பேசாதீங்க. தமிழ்தானே, ஜெர்மனியில எவனுக்குப் புரியும்னு நினைப்பீங்க. எனக்குப் புரிஞ்சுதா இல்லையா?

என் பேரு வேண்டாமுங்க. இருக்கற ஊரும் வேண்டாம். தெக்குப் பக்கம் ஒரு சின்ன டவுன்னு வச்சுக்கோங்க. சொந்த ஊரு அவிநாசிக்குப் பக்கம். அதைச் சொல்லலாம், என் பேச்சைக் கேட்டே கண்டுபிடிச்சிருப்பீங்க.

பஸ்ஸு நின்னு போச்சு பாருங்க. முன்னால ஏதோ லாரி குறுக்கால மடங்கிக் கெடக்குதாம். டிரைவர் அரை மணிங்கறார். அரை மணின்னா ஒரு மணி. நான் பட்டதைச் சொல்றேன், கேட்டுக்கோங்க. உங்களுக்கு ஆகும்.

நான் மெக்கானிக்குங்க. பனியன் துணி பின்ற மெசின் இருக்குதில்ல, வட்டமா, மேல சுத்தி நூல்கோன் அடுக்கியிருக்குமே, அது. திருப்பூர்ல பதினாறு வருசம் அந்த மெசினுக்குள்ளதான் தலையை உட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு ஊசி ஒடைஞ்சாச் சத்தத்துலயே சொல்லுவேன், எத்தனாவது ஊசின்னு. அங்கே எங்கூட ஒரே ரூம்ல இருந்தவன் அமலதாசு. திண்டுக்கல்லுக்காரன். அவன் எனக்கு முன்னாலயே இங்கே ஒரு மெசின் கம்பெனிக்கு வந்துட்டான். வந்தவன் சும்மா இருக்கல. மேனேஜர்கிட்ட என்னைப் பத்திச் சொல்லி, எனக்கும் வேலை வாங்கி, குடும்பத்தோட வரவச்சான். எங்கூட்டுக்காரி சிவகாமி, பொண்ணு மேகலா, நான். ஒரே பில்டிங்குல அவன் மூணாவது மாடி, நாங்க ரெண்டாவது.

இவ்வளவு பண்ணினவன் மேல சந்தேகப்பட்டீங்களான்னு கேட்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்கறாங்க. நான் என்ன சொல்றேன்னா, குடுத்தவனுக்குத்தானேங்க எடுக்கற வழியும் தெரியும்?

சரி, விசயத்துக்கு வர்றேன். நான் வந்து ரெண்டரை வருசம் ஆகியிருந்துச்சு. இங்கேயே நிரந்தரமாத் தங்கற விசா அட்டைக்கு இன்னும் காலமிருந்துச்சு. ஜெர்மன் பரீட்சையிலயும் ஒரு தடவை கோட்டை உட்டிருந்தேன். பேசுவேன், எழுத வராது. அப்பத்தான் திருப்பூர்ல இருந்து ரெண்டு முதலாளிக மாத்தி மாத்திப் போன் பண்ணினாங்க. இங்கே மூடற மில்லுகள்ல பழைய மெசின் நல்லதாக் கெடைக்குதில்ல, அதை வாங்கிட்டுப் போறாங்க. படத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்து போறாங்க. கழட்டத் தெரியாதவன் கழட்டி, அங்கே போய்ச் சேர்றப்ப ஊசி நிக்கற சிலிண்டரே வளைஞ்சு போயிருக்குது. "இங்கே நம்ம ஆளு ஒருத்தர் இருந்து பார்த்து, கழட்டி, கட்டி அனுப்பினா உங்களுக்கே வேலை குடுப்போம், கடுதாசியும் எழுதித் தர்றோம்"னாங்க. எனக்கும் வயசு நாப்பத்தி மூணு. இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவன் கம்பெனியில கார்டைத் தேச்சு உள்ளே போறது?

ஆனா நம்ம அட்டையோட ஒரு மடிச்ச தாள் குடுத்திருப்பாங்களே, அதுல என்ன போட்டிருக்கும்? இன்ன கம்பெனியிலதான் வேலை செய்யலாம், சொந்தத் தொழில் கூடாது. உங்க தாள்லயும் அதுதான் இருக்கும், எடுத்துப் பாருங்க. வேண்டாம், இப்ப எடுக்காதீங்க. பின்னால ஒருத்தன் எட்டிப் பார்க்கறான்.

விசா குடுக்கற ஆபீசுக்கு மனுப் போட்டேன். தொழில் திட்டம், அந்த ரெண்டு முதலாளிக கடுதாசி, கைமுதல் இருக்குதுன்னு காட்டற பேங்க் தாள், எல்லாம் வச்சேன். அதை அவங்க வணிகச் சபைக்கு அனுப்பி, இந்தாளு தொழில் தேறுமான்னு கருத்துக் கேட்பாங்களாம். மாசக் கணக்காகும். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, என் பைலைப் பார்க்கறவங்க, ரெண்டு தடவை சொன்னாங்க: "அனுமதி வர்ற வரைக்கும் சொந்தமா ஒரு வேலையும் செய்யக் கூடாது. விளம்பரமும் கூடாது." சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

யாருகிட்டயும் மூச்சு உடலைங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா, போறவன்தானேன்னு இன்னைக்கே வெளியில அனுப்பிருவாங்க. அனுப்பினா அட்டை போச்சு. என் அட்டை போனா சிவகாமி அட்டையும் போச்சு, மேகலா பள்ளிக்கூடமும் போச்சு. அதனால போன் வந்தாப் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து உட்டுட்டுத்தான் பேசுவேன். அமலதாசுகிட்டயும் சொல்லல. சிவகாமி கேட்டா, "அமலு அண்ணங்கிட்டச் சொன்னா என்னங்க? அவரு ஒண்ணும் கெட்டவரில்லையே." நான் சொன்னேன், "அவனுக்கும் இதே வேலை தெரியும். நாளைக்கு அவனே இந்த முதலாளிகளைப் புடிச்சுட்டான்னா?" அவ ஒரு மாதிரிப் பார்த்தா. அந்தப் பார்வையும் எனக்குப் புடிக்கல. மேல்வீட்டு ரெஜினாகிட்ட, அமலதாசு சம்சாரம், அவகிட்ட இவ ஏதாச்சும் உளறியிருப்பாளோன்னு ஒரு நினைப்பு.

மூணு மாசம் ஆச்சு. ஒரு நா ஆபீசுல இருந்து கடுதாசி. அகராதியை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் படிச்சேன். "தாங்கள் அனுமதியின்றி ஏற்கெனவே தொழில் நடத்தி வருவதாகத் தெரிய வருகிறது. இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தரவும்."

தெரிய வருகிறதுன்னா? யார் மூலமாத் தெரிய வருது? அதைச் சொல்லல பாருங்க. அந்த ஒரு வார்த்தை என்னைத் தின்னுபோட்டுதுங்க. நான் ஒரு திருகாணி கூடச் சொந்தமாத் திருகல. நான் மனுப் போட்டது சிவகாமிக்குத் தெரியும், திருப்பூர் முதலாளிகளுக்குத் தெரியும், மச்சினன் கதிர்வேலுக்குத் தெரியும். இவங்கெல்லாம் நம்ம ஆளுங்க. அப்ப வேற எவனோ மோப்பம் புடிச்சிருக்கான்.

சிவகாமி சொன்னா, "அந்த ஆபீசம்மாவையே போய்க் கேளுங்களேன், எப்படித் தெரிஞ்சுதுன்னு."

"கேட்டாச் சொல்லிருவாங்களா? கேட்டா, இவன் பயந்துட்டான்னுதான் நினைப்பாங்க."

ஒண்ணும் செய்யலைன்னு நாலு வரி எழுதி அனுப்பிட்டு, ஆளைக் கண்டுபுடிக்க இறங்கினேன். ரெண்டு பேரு மேல கண்ணு. ஒண்ணு, கீழ்வீட்டு லிண்டர் அம்மா. எழுபது வயசு. நான் பேஸ்மெண்டுல டூல்ஸ் பெட்டி நாலு வாங்கி வச்சிருந்தேன், அனுமதி வந்தா வேணுமேன்னு. அந்தப் பெட்டிகளை அவங்க குனிஞ்சு குனிஞ்சு பார்த்ததை நான் பார்த்தேன். ரெண்டு, அமலதாசு. எப்பவும் சிரிச்சுப் பேசறவன், அந்த வாரம் பூரா என்னைக் கண்டா, "என்னடா நாச்சி, மொகமே சரியில்ல? எதாச்சும் பிரச்சனையா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். தெரியாதவன் எதுக்குங்க அத்தனை தடவை கேட்கோணும்?

அட, பேரைச் சொல்லிப்போட்டேன் பாருங்க. நாச்சிமுத்து. சரி, பேரோட இருக்கட்டும்.

நான் என்ன பண்ணினேன்னா, ஆளுக்கொரு பொய் சொன்னேன். எந்தப் பொய் ஆபீசுல இருந்து திரும்பி வருதோ, அவங்கதான் ஆளு. எப்படி? நான் படிச்சது ஒன்பதாவதுதான் அம்மிணி, ஆனா மெசின்ல பழுது எங்கேன்னு இப்படித்தான் புடிப்போம். ஒவ்வொரு பக்கமா ஒரு நூலை மாத்தி உட்டுப் பார்க்கறது.

லிண்டர் அம்மாகிட்ட, "பெட்டியில தேங்காய்நார் மிதியடி இருக்குது, விக்கலாம்னு இருக்கேன்"னேன். அவங்க மொகம் மலர்ந்து போச்சு. "எனக்கு ரெண்டு வேணும். வாசலுக்கு ஒண்ணு, பால்கனிக்கு ஒண்ணு"ன்னுட்டாங்க. தினமும் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில நான் கடைக்குப் போய் ரெண்டு மிதியடி காசு குடுத்து வாங்கிக் குடுத்தேன்.

அமலதாசுகிட்ட, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவன் சைக்கிளைத் தொடைச்சிட்டிருக்கறப்பப் போய்ச் சொன்னேன். "அமலு, நான் சொந்தமாத் தொழில் பண்ண மனுப் போட்டிருக்கேன். மூல்பாக்குன்னு ஒரு கிராமத்துல ஷெட்டு கூட எடுத்தாச்சு"ன்னேன். மனுப் போட்டது நிசம். ஷெட்டு பொய்.

அவன் துணியைக் கீழ வச்சான். "எப்போ போட்டே?"

"மூணு மாசமாச்சு."

"மூணு மாசமாச்சா? எங்கிட்டச் சொல்லவே இல்லையேடா."

பொறவு எழுந்து என்னைக் கட்டிப் புடிச்சான், கையெல்லாம் கிரீசு. "மாப்ள, உன்னால முடியும்டா. உன்னைவிட்டா எவனுக்கு முடியும்? ஷெட்டு எத்தனை அடி? லாரி உள்ளே வருமா? கிரேன் இருக்கா? மேல கம்பி தாங்குமா? அடுத்த வாரம் போய்ப் பார்த்துட்டு வரலாம் வா, நான் டேப்பு எடுத்துட்டு வர்றேன்." இப்படி அடுக்கிக்கிட்டே போறான். இத்தனை கேள்வி எதுக்கு? சேதி சேர்க்கறான்னு நினைச்சேன். சாவி இன்னும் கைக்கு வரலைன்னு சொல்லித் தப்பிச்சேன்.

மூணு வாரம் போச்சு. ரெண்டாவது கடுதாசி வந்துச்சுங்க. "மூல்பாக்கில் தாங்கள் எடுத்திருக்கும் ஷெட்டின் வாடகை ஒப்பந்தத்துடன் நேரில் வரவும்."

மூல்பாக்கு! நான் வாயில இட்டுக் கட்டின ஷெட்டு, ஆபீசு முத்திரையோட என் கையில இருக்குது. எனக்கு அழுகை வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் வந்துச்சு. கண்டுபுடிச்சிட்டேனில்ல? என் புத்தி தப்பல இல்ல?

சிவகாமி தடுத்தா. "சித்தெ இருங்க, நாளைக்குப் பேசிக்கலாம்"னா. நான் கேட்கல. படியேறி அவன் வீட்டுக்குப் போனேன். அமலதாசு அடுப்புல மீன் வறுத்துக்கிட்டிருந்தான். ரெஜினா மேசையில தட்டு வச்சிட்டிருந்தா, அவங்க பொண்ணு அங்கேயே உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா. கடுதாசியை அவன் மொகத்துக்கு நேரா நீட்டினேன். என்னென்ன பேசினேன்னு முழுசா ஞாபகமில்லைங்க. "ஒரே தட்டுல சோறு தின்னமேடா"ன்னு பேசினேன். "வேலை வாங்கிக் குடுத்துட்டு உன் வேலையைக் காட்டிட்டியேடா"ன்னு பேசினேன். கடைசியில ஒரு வார்த்தை வந்துருச்சு. அவங்க கிறிஸ்தவங்க. சுவத்துல சிலுவை மாட்டியிருக்குது. அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு, "நீ யூதாசுடா"ன்னுட்டேன்.

அந்தப் புள்ளை எழுதறதை நிறுத்திட்டா.

அமலதாசு அடுப்பை அணைச்சான். கையைத் துணியில தொடைச்சான். "முடிச்சுட்டியா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். ரெஜினா போய்க் கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டு நின்னா. நான் இறங்கி வந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க, குத்தம் பண்ணாதவன் வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லுவானா, சொல்ல மாட்டானா? எதுக்குப் பேசாம நிக்கோணும்? அதையேதான் நான் சிவகாமிகிட்டயும் கேட்டேன். அவ அன்னைக்குச் சாப்பிடல.

அடுத்த வாரம் ஆபீசுக்குப் போனேன். ஒப்பந்தம் இல்லாமத்தான் போனேன், இல்லாத ஷெட்டுக்கு ஒப்பந்தம் எங்கே போறது? கண்ணாடியம்மா என்னை உக்காரச் சொன்னாங்க. பைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கமாத் திருப்பி வச்சாங்க.

"இது யாரு, நாச்சிமுத்து?"

பார்த்தா நாந்தானுங்க. கோட்டு போட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கறேன். பின்னால மெசின் வரிசை. மேல பெரிய எழுத்துல என் பேரு, போன் நம்பரு, வீட்டு விலாசம். "ஜெர்மனியிலிருந்து நேரடிச் சேவை. நூற்றுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். இன்றே அழையுங்கள்."

அது வேறொண்ணுமில்லைங்க, என் மச்சினன் கதிர்வேலு பண்ணின வெப்சைட்டு. திருப்பூர்ல டிசைன் கடை வச்சிருக்கான், ரெண்டு புள்ளைக்கு அப்பன். அனுமதி வந்த அன்னைக்கே திறக்கறாப்பல ஒண்ணு பண்ணி வையின்னு நாந்தான் சொல்லியிருந்தேன். அவன் பண்ணி, எனக்கு லிங்க் அனுப்பினான். நானும் பார்த்தேன். போட்டோ நல்லாருக்குதுன்னு சிவகாமிகிட்டக் கூடக் காட்டினேன். அந்த லிங்க் என்கிட்ட மட்டுந்தானே இருக்குது, எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நினைச்சேன். ஊருக்கே தெரியுதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?

நான் அந்தம்மாவைக் கேட்டேன், "இதை உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

அவங்களுக்குக் கேள்வியே புரியல. "யார் சொல்லோணும்? மனுப் போடறவங்க பேரை நாங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்ப்போம். உங்க பேரைத் தட்டினேன். ரெண்டாவதா இது வந்துச்சு. போட்டோவோட."

பொறவு இன்னொரு தாளை எடுத்தாங்க. என் கம்பெனி பேரு போட்ட தாள். "நான் இந்த வேலையில பதினொரு வருசமா இருக்கேன். உட்டுட்டுப் போற ஆளுக்கு ஒரு கம்பெனி இப்படிக் கடுதாசி எழுதி நான் பார்த்ததில்லை"ன்னாங்க. ஒவ்வொரு வரியா மெதுவா வாசிச்சாங்க. இவர் நேர்மையானவர். இதுவரைக்கும் வெளியில எந்த வேலையும் செஞ்சதில்லை, அதுக்கு நாங்க பொறுப்பு. இவர் தனியாப் போனா முதல் ஒப்பந்தம் நாங்களே குடுப்போம், எங்க வாடிக்கைக்காரங்க புது மெசின் வாங்கறப்பப் பழசைக் கழட்ட எங்களுக்கும் ஆள் வேணும். மூல்பாக்கில் இவர் ஷெட்டும் எடுத்துவிட்டார். கீழ எங்க மேனேஜர் ஸ்டீக்லர் கையெழுத்து.

"இந்தக் கடுதாசி வந்ததுனாலதான் அந்த வெப்சைட்டை நான் பெருசு பண்ணல. வணிகச் சபையும் சரின்னுட்டாங்க. ஷெட்டு ஒப்பந்தத்தை மட்டும் குடுங்க, முடிச்சிரலாம்."

"ஷெட்டு இல்லை"ன்னேன்.

"எடுத்தாச்சுன்னு போட்டிருக்குதே?"

"எடுக்கல. சும்மா சொன்னேன்."

"யாருகிட்ட? எதுக்கு?"

"என் நண்பன்கிட்ட. அவனைச் சோதிச்சுப் பார்க்க. எனக்கு எதிரா உங்ககிட்டப் பேசறானான்னு."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க.

"தேறினாரா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு ஜெர்மன் வரலீங்க. தமிழும் வரல.

ரெண்டு வாரம் தவணை குடுத்தாங்க. வெப்சைட்டை எடுத்தரோணும். கம்பெனி கடுதாசியில பொய்யான தகவல் இருக்குது, அதைக் கம்பெனியே திருத்தி எழுதித் தரோணும். இல்லைன்னா நிராகரிக்கறதைத் தவிர வேற வழியில்லைன்னுட்டாங்க. கதிர்வேலுக்குப் போன் பண்ணி எடுக்கச் சொன்னேன். அவனைத் திட்டலீங்க. ஏதோ ஆர்வத்துல பண்ணிட்டான், நம்ம பையன்.

அடுத்த நா ஸ்டீக்லர் அறைக்குப் போனேன். நேரா அமலதாசுகிட்டப் போயிருக்கோணும்னு சிவகாமி சொல்றா. மொகத்தைப் பார்க்க முடியலீங்க. அதனால மேனேஜர்கிட்டயே, "சார், ஒரு சின்னத் தப்பு நடந்திருச்சு, ஷெட்டு நான் இன்னும் எடுக்கல"ன்னேன். அந்த மனுசன் மொகம் சிவந்து போச்சு. "எடுத்தாச்சுன்னு அமலதாஸ் சொன்னாரே. ஒரு வாரம் என் பின்னாலயே அலைஞ்சு, அவர் வாக்கை நம்பித்தானே நான் அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்?"

போனை எடுத்து அமலதாசைக் கூப்பிட்டாரு.

அவன் வந்து நின்னான். நான் ஒரு ஓரமா நிக்கறேன். இப்ப வாங்கப் போறான்டா பழின்னு நினைச்சேன். வாங்கியிருக்கலாமுங்க. 'இவன் எங்கிட்டப் பொய் சொன்னான்'னு ஒரே ஒரு வார்த்தை. அன்னைக்கே எனக்கு வேலையும் இல்லை, அட்டையும் இல்லை.

அவன் என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கல. மேனேஜரைப் பார்த்து, "தப்பு என்னுதுதான். எடுக்கப் போறேன்னு அவர் சொன்னதை, எடுத்தாச்சுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். தமிழ்ல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்"னான்.

இருக்குமாங்க அம்மிணி? உங்களுக்குத் தமிழ் தெரியுமே. எடுக்கப் போறேன், எடுத்தாச்சு. எங்கே ஒரே மாதிரி இருக்குது?

ஸ்டீக்லர் அவனைத்தான் திட்டினாரு. அரசாங்க விசயத்துல இப்படியா விளையாடறதுன்னு, நான் இருக்கறப்பவே. அவன் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு நின்னான். கடுதாசியைத் திருத்தி எழுதிக் குடுத்தாங்க. அந்த வருசம் அமலதாசுக்குப் போர்மேன் பதவி வரும்னு பேச்சிருந்துச்சு. வேற ஒருத்தனுக்குப் போயிருச்சு. இதனாலதானா, வேற காரணமான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டுக்கல.

அறையை உட்டு வெளியில வந்ததும் அவன் பின்னாலயே ஓடினேன். "எதுக்குடா அப்படிச் சொன்னே?"ன்னேன். அவன் நடந்துக்கிட்டே இருந்தான். நிக்கல. "மெசின் ஓடிட்டிருக்குதுங்க, நான் போகணும்"னான்.

ஓடிட்டிருக்குதுங்க.

உங்களுக்கு அது ஒண்ணும் தோணாது. திருப்பூர்ல ரூம்ல இருந்த நாள்ல இருந்து அவன் என்னை வாடா போடா மாப்ளன்னுதான் கூப்பிடுவான். நாங்க கோயமுத்தூர்ப் பக்கம், பொறந்த குழந்தைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அது எங்களுக்கு மூச்சு விடறாப்பல. அவன் திண்டுக்கல்லுக்காரன். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு அனுமதி வந்திருச்சுங்க. ஏழு மாசம் ஆகுது. புது அட்டை, புதுத் தாளு, சுயதொழில் செய்யலாம்னு போட்டிருக்குது. முதல் வேலை அந்தக் கம்பெனியே குடுத்துச்சு. அட்டை வந்த அன்னைக்கு மைசூர்பாகு வாங்கிட்டு மூணாவது மாடிக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். டப்பாவை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். "ரொம்ப சந்தோசங்க. நல்லா வரணும் நீங்க"ன்னான். உள்ளே வாங்கன்னு சொல்லல. நானும் நின்னுக்கிட்டே இருந்தேன். கதவை மெதுவாத்தான் சாத்தினான்.

சிவகாமியும் மேகலாவும் அங்கே போறாங்க, வர்றாங்க. அவங்ககிட்ட எல்லாம் பழையபடிதான் இருக்கானாம். எங்கிட்ட மட்டுந்தான் இந்த மரியாதை. படியில பாத்தா, "எப்படி இருக்கீங்க?" தபால் மாறி வந்தா, "இது உங்களுதுங்க." எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது அம்மிணி. எதுக்கு எனக்குக் கடுதாசி வாங்கிக் குடுத்தான்? எதுக்குப் பழியை ஏத்துக்கிட்டான்? ஏத்துக்கிட்டவன் எதுக்கு இப்படிப் பேசறான்? மனசுல ஏதோ வச்சிருக்கான். "மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை கேளுங்க, முடிஞ்சுது"ங்கறா சிவகாமி. கேட்கறேன். கேட்க மாட்டேன்னா சொன்னேன்? அதுக்கு முன்னால அவன் மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

நாளைக்கு அவன் பொண்ணுக்குப் புதுநன்மை. சர்ச்சுல மொத மொதல்ல அப்பம் வாங்கற விசேசமுங்க, அவங்களுக்குப் பெரிய விருந்து. போன வாரம் எங்க தபால் பெட்டியில பத்திரிகை போட்டிருந்தான். அவன் கையெழுத்துத்தான். "மரியாதைக்குரிய திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு." கீழ ஒரே வரி: "அவசியம் வரவும்." அந்த வரியை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு நினைக்கறீங்க? எல்லாரையும் கூப்பிட்டாப்பல கூப்பிட்டானா? நிசமாவே வரச் சொல்றானா? இல்லை, நாலு பேரு முன்னால என்னை நிறுத்தி ஏதாச்சும் கேட்கப் போறானா? அந்தப் புள்ளை வேற அன்னைக்கு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே.

சிவகாமி பட்டுச்சேலை எடுத்து வச்சிருக்கா. மேகலாவுக்குப் புதுப் பாவாடை. எனக்குச் சட்டை தேச்சு ஆணியில மாட்டியிருந்தா. நான் அவசரமா ஒரு மில்லுல வேலைன்னு சொல்லிட்டுக் காத்தால பஸ் ஏறிட்டேன். அவ சட்டையை எடுத்துத் திரும்பப் பீரோவுல வச்சா.

நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. இந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை எந்த மில்லு திறந்திருக்குது? உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவன் என்னை நாலு வார்த்தை திட்டினாக்கூட நான் போயிருவேன் அம்மிணி. சட்டையைப் புடிச்சான்னாக்கூடப் பரவாயில்லை. அத்தனை பேரு முன்னால, சர்ச்சு வாசல்ல நின்னுக்கிட்டு, கையைக் கூப்பி, "வாங்க, வாங்க"ன்னு சொல்லிப்போட்டான்னா நான் என்னங்க பண்ணுவேன்?